கருவி வகுத்த பேச்சு



எங்கள் ஊரில் பழைய தெரு ஒன்று உண்டு. நான் சிறுவனாக இருந்த காலத்தில் அத்தெருவின் இரு மருங்கிலும் திண்ணை வைத்த வீடுகள் இருந்தன. வெயிலில் நடந்து வரும் வழிப்போக்கர் திண்ணையில் அமர்வார்; தண்ணீர் கேட்பார்; தண்ணீரோடு பேச்சும் வரும். அந்த வீடுகள் இப்போது இல்லை. திண்ணை இருந்த இடத்தில் சுற்றுச்சுவர் எழும்பியிருக்கிறது. சுவரில் இரும்புக் கதவும், கதவருகே மின்சார மணியும் இருக்கின்றன. அத்தெருவில் இன்று குடியிருப்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பழைய மனிதர்களின் பிள்ளைகளும் பேரர்களும்தாம். அவர்களுடைய குணம் கெட்டுவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும் வழிப்போக்கரோடு எவரும் பேசுவதில்லை. உட்கார இடம் இல்லாத தெருவில் பேச்சு எப்படி நிகழும்?

மனிதனுடைய பேச்சு அவன் மனத்திலிருந்து பிறக்கிறது என்பது உண்மையே. ஆனால் பேசுவதற்கு அமைந்த இடமும் அப்பேச்சுக்கு உருவம் கொடுக்கிறது. இன்று நம்மிற் பலர் நாளெல்லாம் பேசும் இடம் கைப்பேசியின் திரை. அந்த இடத்தைக் கட்டியவர்கள் எங்கே திண்ணை வைத்தார்கள், எங்கே சுவர் எழுப்பினார்கள் என்பதைப்பற்றி உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன். இதில் என்னுடைய குற்றம் ஒன்றும் கலந்திருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பழைய கருவிகளைப் பார்ப்போம். இந்நாட்டில் அஞ்சல் அட்டை 1879ஆம் ஆண்டில் வந்தது. விலை காலணா. உறை இல்லாத அட்டையாதலால், அதில் எழுதியதைத் தபால்காரர் படிக்கலாம். வாசலில் வாங்கி வைக்கும் அண்டை வீட்டாரும் படிக்கலாம். ஆகவே அட்டையில் எழுதுபவர்கள் ஒரு நடையைக் கைக்கொண்டார்கள். 'இவ்விடம் அனைவரும் நலம். அவ்விடத்து நலமறிய ஆவல்' என்று தொடங்கி, மாடு கன்று ஈன்றதையும் மழை பெய்ததையும் எழுதுவார்கள். மாமியார் மருமகள் பூசலையோ கடன் தொல்லையையோ எழுத மாட்டார்கள். எழுதத்தான் வேண்டும் என்றால் காசு சற்று அதிகமானாலும் உறை வாங்குவார்கள். இன்னதை எழுதாதே என்று அஞ்சல் துறை எவருக்கும் உத்தரவு போடவில்லை. அட்டையின் அமைப்பே அந்த அடக்கத்தைக் கற்பித்தது.

தந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 1855ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் பொதுமக்கள் தந்தி அனுப்பலாயினர். 2013ஆம் ஆண்டு ஜூலை மாதம் 14ஆம் தேதியோடு அந்தச் சேவை முடிந்தது. தந்திக்குச் சொற்கணக்கில் காசு. ஆகவே 'அப்பா கவலைக்கிடம் உடனே புறப்படு' என்ற அளவில் செய்தி நின்றது. பாசமும் பரிவும் சொல்லுக்கு இவ்வளவு என்று விலை கேட்டபோது, நம் முன்னோர் அவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு செய்தியை மட்டும் அனுப்பினார்கள். திருமணத்திற்கும் பண்டிகைக்கும் வாழ்த்து அனுப்புவோருக்கு எண்ணிட்ட வாசகங்கள் தந்தி அலுவலகத்தில் ஆயத்தமாக இருந்தன. எண்ணைக் குறிப்பிட்டால் அதற்குரிய வாழ்த்து மணமக்களுக்குப் போய்ச் சேரும். ஆயிரம் பேர் ஒரே வாழ்த்தைச் சொன்னார்கள் என்றால் ஆயிரம் பேருக்கும் ஒரே உள்ளம் என்று பொருளில்லை. கருவி அவ்வளவுதான் இடம் கொடுத்தது.

இந்த இரண்டிலிருந்தும் ஓர் உண்மை புலனாகிறது. கருவி எதை எளிதாக்குகிறதோ அதை நாம் மிகுதியாகச் செய்கிறோம். எதை அரிதாக்குகிறதோ அதைக் குறைத்துக்கொள்கிறோம். கட்டளையும் தண்டனையும் இல்லாமலே நம் நடத்தை மாறுகிறது. அதனால்தான் மாறியதே நமக்குத் தெரிவதில்லை.

இனி இக்காலத்துக்கு வருவோம். ட்விட்டர் என்னும் தளம் 2006இல் தொடங்கியது. எக்ஸ் என்று அதற்குப் புதுப்பெயர் வந்தது 2023இல். தொடக்கத்தில் ஒரு செய்திக்கு 140 எழுத்துகளே இடம். கைப்பேசியின் குறுஞ்செய்தியில் 160 எழுத்துகள் அடங்கும். அதில் அனுப்புபவரின் பெயருக்கு 20 ஒதுக்கி மிச்சத்தைக் கொடுத்தார்கள். இந்தக் கணக்கில் தமிழருக்கு ஒரு சங்கடம் நேர்ந்தது. 'தமிழ்' என்ற சொல்லில் நம் இலக்கணப்படி மூன்று எழுத்துகள். கணினியோ உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணி ஐந்து என்று சொல்லும். ஆகவே நமக்குக் கிடைத்த இடம் இன்னும் குறுகியது. 2017 நவம்பரில் அந்த அளவு 280 ஆயிற்று. இருப்பினும் அதற்கு முந்திய பதினோர் ஆண்டுகளில் ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. 'ஆனால்' என்ற சொல்லுக்கும், 'ஒருவேளை நான் தவறாக எண்ணியிருக்கலாம்' என்ற தொடருக்கும் இடமில்லாமல் போயிற்று. இடம் குறைந்தால் முதலில் வெளியேறுவது பணிவு, தங்கிவிடுவது தீர்ப்பு.

அடுத்தது வாட்ஸ்அப் செய்தியில் வரும் நீலக்குறி. 2014 நவம்பரில் அது வந்தது. நாம் அனுப்பியதைப் பெற்றவர் படித்துவிட்டார் என்பதை அது காட்டிக்கொடுக்கும். அதற்குமுன், கடிதத்துக்குப் பதில் தாமதமானால், 'கடிதம் இன்னும் கிடைக்கவில்லை போலும்' என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். அந்த நல்லெண்ணத்துக்கு இப்போது இடமில்லை. என் நெருங்கிய உறவினர் ஒருவர் என்னோடு ஒரு மாத காலம் பேசாமல் இருந்தார். காரணம் விசாரித்தபோது, 'படித்துவிட்டும் பதில் போடவில்லையே மாமா' என்றார். படித்த அன்று நான் மருத்துவமனையில் இருந்தேன். அதை நீலக்குறி அவருக்குச் சொல்லவில்லை. பின்னர் அக்குறியை மறைக்க வழி செய்தார்கள். ஆயினும் மறைப்பவர்மீதும் ஓர் ஐயம் எழத்தான் செய்கிறது.

பேஸ்புக்கில் விருப்பத்தைத் தெரிவிக்கும் பொத்தான் 2009 பிப்ரவரியில் வந்தது. நான் பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப்பின் என் மகள் எனக்கு ஒரு கைப்பேசி வாங்கித் தந்தாள். என்னை ஆளாக்கிய தமிழாசிரியர் காலமானபோது, இரண்டு நாள் முயன்று அவரைப்பற்றி ஒரு கட்டுரை எழுதிப் பேஸ்புக்கில் இட்டேன். பதினொருவர் விருப்பம் தெரிவித்தார்கள். அடுத்த வாரம் கொல்லையில் காய்த்த ஒரு பெரிய பலாப்பழத்தைப் படம் பிடித்துப் போட்டேன். எண்பதுக்கு மேற்பட்டவர்கள் விருப்பம் தெரிவித்தார்கள். இதில் வியப்பில்லை, பலாப்பழத்தை ரசிப்பது எளிது. வியப்பு என்னவென்றால், அதன்பின் நான் கட்டுரை எழுதவில்லை என்பதுதான். எவரும் என்னைத் தடுக்கவில்லை. அந்த எண்ணே எனக்குள் இருந்து தடுத்துவிட்டது.

அந்த எண்கள் நம்மைமட்டும் வழிநடத்துவதில்லை. யாருடைய சொல்லை யார் முன்னால் எடுத்து வைப்பது என்பதையும் அவை தீர்மானிக்கின்றன. 2016இல் பேஸ்புக் விருப்பக் குறியோடு அன்பு, சிரிப்பு, வியப்பு, துயரம், கோபம் ஆகிய முகக்குறிகளையும் சேர்த்தது. 2017 முதல், சாதாரண விருப்பம் ஒன்றுக்கு உள்ள மதிப்பைப்போல் ஐந்து மடங்கு மதிப்பை முகக்குறி ஒன்றுக்குக் கொடுத்து அதன் கணக்கு இயங்கியது. கோபத்துக்கும் அதே ஐந்து மடங்குதான். 2021இல் வெளியான அந்நிறுவனத்தின் உள் ஆவணங்களிலிருந்து உலகம் இதை அறிந்தது. இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். ஒருவர் எழுதியது நூறு பேரைக் கோபமூட்டினால், ஐந்நூறு பேரை மகிழ்வித்ததற்குச் சமமாக எடைபோட்டு, அதை மேலும் பலர் கண்ணில் படும்படி எந்திரம் வைத்தது. 2020இல் கோபத்தின் மதிப்பைச் சுழியாக்கினார்கள். ஆனால் இடையில் எழுதப்பட்டவை எழுதப்பட்டவையே; பிரிந்த நண்பர்கள் பிரிந்தவர்களே.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன்.

2018ஆம் ஆண்டு கோடைக்காலம். வட மாவட்டங்களில், குழந்தைகளைக் கடத்தும் கூட்டம் வந்திருக்கிறது என்ற செய்தி கைப்பேசிகளில் பரவியது. வடநாட்டிலிருந்து வந்தவர்கள், மிட்டாய் கொடுத்து மயக்குகிறவர்கள், எச்சரிக்கையாக இருங்கள் என்பது அதன் சாரம். என் உறவினர் ஒருவர் அதை எனக்கு அனுப்பினார். அன்று இரவு உணவு முடிந்து சாய்ந்திருந்தேன். பேரக்குழந்தைகள் விடுமுறைக்கு வந்திருந்தார்கள். செய்தியைப் படித்தேன், மனம் பதறியது, ஒரு விரலால் அழுத்தி எங்கள் தெருக்காரர்களின் குழுவுக்கு அதை அனுப்பினேன். பத்து நொடிகூட ஆகியிராது. பிறகு நன்றாக உறங்கினேன்.

எங்கள் தெருவுக்கு நாள்தோறும் மாலையில் ஒரு வடநாட்டு இளைஞர் பஞ்சுமிட்டாய் விற்க வருவார். தோளில் நீண்ட கழி; கழியில் இளஞ்சிவப்புப் பொட்டலங்கள்; கையில் ஒரு சிறு மணி. மறுநாள் அவர் வந்தபோது பத்துப் பன்னிரண்டு பேர் சூழ்ந்துகொண்டார்கள். கழி முறிந்தது. ஒருவர் கயிறு கொண்டுவரச் சொன்னார். சத்தம் கேட்டு நான் வெளியே ஓடினேன். விடுங்கள் என்றேன். அப்போது அவர்களில் ஒருவர் தம் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். 'சார், நீங்கள்தானே அனுப்பினீர்கள்? வாத்தியாரே சொன்னால் பொய்யாகவா இருக்கும்?' என்றார்.

திரையில் நேற்றிரவு நான் அனுப்பிய செய்தி. மேலே என் பெயர். யார் எழுதியது, எங்கிருந்து புறப்பட்டது, எத்தனை கை மாறியது என்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை. முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்று நான் ஈட்டிய நம்பிக்கை முழுவதும், முகம் தெரியாத ஒருவன் எழுதிய பொய்க்குப் பிணையாக நின்றது. எனக்கு வாய் எழவில்லை.

அந்த இளைஞரைக் காப்பாற்றியவர் எதிர்வீட்டு மூதாட்டி. அவரிடம் கைப்பேசி கிடையாது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே புகுந்தார். 'இந்தப் பிள்ளையிடம் என் பேரன் மூன்று வருஷமாக மிட்டாய் வாங்கித் தின்கிறான். கட்டுவதானால் முதலில் என்னைக் கட்டுங்கள்' என்று அவரை அணைத்தாற்போல் நின்றார். கூட்டம் கலைந்தது.

எல்லா இடத்திலும் அப்படி ஒரு மூதாட்டி வாய்க்கவில்லை. அதே மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூருக்கு அருகே, கோயிலுக்குச் சென்ற ஒரு குடும்பத்தினர் வழியில் வண்டியை நிறுத்தினார்கள். அவர்களுள் வயது முதிர்ந்த ஓர் அம்மையார் அங்கே விளையாடிய குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கூட்டம் திரண்டு தாக்கியதில் அவர் உயிரிழந்தார்; உடன் வந்தவர்கள் படுகாயமுற்றார்கள். ஜூலை 1ஆம் தேதி மகாராஷ்டிரத்தில் துளே மாவட்டத்து ரெயின்பாடா என்னும் சிற்றூரில், நாடோடி வகுப்பைச் சேர்ந்த ஐவர் அடித்துக் கொல்லப்பட்டார்கள்.

அந்நாட்களில் பரவிய படக்காட்சி ஒன்றின் வரலாறு அறியத்தக்கது. இருசக்கர வண்டியில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்வதாக அதில் காணப்பட்டது. உண்மையில் அது குழந்தைகளின் பாதுகாப்பை வலியுறுத்துவதற்காகப் பாகிஸ்தானில் கராச்சி நகரில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். அதன் முடிவில் அந்த இருவரும் திரும்பி வந்து, சிறுவனை இறக்கிவிட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையை உயர்த்திக் காட்டுவார்கள். யாரோ அந்த முடிவை வெட்டி நீக்கிவிட்டார்கள். குழந்தைகளைக் காக்க எடுத்த படம், வாலை அறுத்தவுடன், வழிப்போக்கரைக் கொல்லும் படமாயிற்று.

இதற்குப்பின் என்ன நடந்தது என்பதே நம் பொருளுக்கு முக்கியம். அப்போது இந்தியாவில் 20 கோடிக்கும் மேற்பட்டோர் வாட்ஸ்அப்பைப் பயன்படுத்தி வந்தார்கள். 2018 ஜூலையில் அந்நிறுவனம் சில மாற்றங்களைச் செய்தது. பிறர் எழுதியதை அனுப்பினால், 'இது பகிரப்பட்டது' என்ற குறிப்பு செய்தியின் தலைமேல் தோன்றும்படி அமைத்தது. இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வரம்பிட்டது. அடுத்த ஆண்டு ஜனவரியில் அந்த வரம்பு உலகம் முழுவதற்கும் வந்தது. ஐந்து என்பதும் சிறிய எண்ணன்று. அக்காலத்தில் ஒரு குழுவில் 256 பேர் வரை இருக்கலாம். ஐந்து குழு என்றால் 1280 பேர். எனவே 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஓர் இடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்று மேலும் இறுக்கினார்கள். அந்தச் சில வாரங்களில் அவ்வகைச் செய்திகளின் போக்குவரத்து 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனமே அறிவித்தது.

நேயர்களே, சில வாரங்களில் மனித குலம் திருந்திவிட்டதா? கோடிக்கணக்கானோர் திடீரென்று மெய்யைத் தேடத் தொடங்கினார்களா? இல்லை. அதே மக்கள், அதே அச்சம், அதே ஆவல். வாசற்படியின் உயரம் சற்றே கூடியது, அவ்வளவுதான். மீண்டும் மீண்டும் விரலை அழுத்தவேண்டி வந்தபோது, பலருக்கு அந்தச் செய்தி அவ்வளவு அவசரமாகத் தோன்றவில்லை. என் தெருவில் அன்று அந்தச் சிறு குறிப்பு செய்தியின் மேல் இருந்திருந்தால், 'வாத்தியாரே சொன்னார்' என்ற சொல் எழுந்திராது என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

இதனால் நான் கருவியைப் பழிக்கிறேன் என்று கொள்ள வேண்டாம். 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது, படகு எங்கே இருக்கிறது, எந்த வீட்டு மாடியில் முதியவர் தவிக்கிறார், எந்த மண்டபத்தில் சோறு கிடைக்கும் என்பவற்றையெல்லாம் முன்பின் அறியாதவர்கள் இதே கருவிகளால்தான் ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொண்டார்கள். அனுப்புவது எளிதாக இருந்ததால் உயிர்கள் பிழைத்தன. அதே வெள்ளத்தில், முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி வந்துவிட்டன என்ற புரளியும் பரவியது. பண்ணையினர் அதை மறுக்க வேண்டியதாயிற்று. படகு போன வழியிலேதான் முதலையும் போயிற்று. எந்திரத்துக்கு இரண்டும் ஒன்றே.

மக்களுக்கும் அவை ஒன்றல்ல என்பதுதான் வருத்தம். 2018 மார்ச்சில் 'சயின்ஸ்' இதழில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் மூவரின் கட்டுரை வெளிவந்தது. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். மெய்யைவிடப் பொய் பிறரால் திரும்ப அனுப்பப்படும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். அதற்குக் காரணம் தானியங்கிக் கணக்குகள் அல்ல, மனிதர்களே என்றும் கண்டார்கள். புதுமையாக இருப்பதை முதலில் சொல்லவேண்டும் என்ற ஆசை நம்முடையது. அந்த ஆசைக்குச் சரிவான பாதை போட்டுக் கொடுத்தது கருவி. ஆகவே பொறுப்பும் இருவருக்கும் உண்டு.

பொது இடத்தில் பாலம் கட்டுபவரிடம், அது எவ்வளவு பாரம் தாங்கும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கோடிக்கணக்கானோர் பேசும் இடத்தைக் கட்டுபவரிடமும், எதை எளிதாக்கினாய், ஏன் எளிதாக்கினாய் என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். கோபத்துக்கு ஐந்து மதிப்பெண் போட்ட கணக்கை ஓர் அறைக்குள் சிலர் முடிவு செய்துவிட்டு, அதன் பயனை ஒவ்வொரு தெருவும் அனுபவிப்பது முறையன்று.

ஆனால் அந்தக் கேள்விக்கு விடை வரும்வரை நாம் கைகட்டி இருக்கத் தேவையில்லை. கருவி நீக்கிவிட்ட சிரமத்தை நாமே நமக்கு விதித்துக்கொள்ளலாம். நான் கடைப்பிடிக்கும் முறை ஒன்றுதான். பிறர் எழுதிய எதையும் அனுப்புமுன், அதை நான் ஏன் நம்புகிறேன் என்று என் சொந்தச் சொற்களால் ஒரு வாக்கியம் எழுதுவேன். எழுத முடிந்தால் அதையும் சேர்த்து அனுப்புவேன். முடியாவிட்டால் அனுப்புவதில்லை. இப்படி நான் அனுப்பாமல் விட்டவை மிகப் பல. அன்று இரவு இந்த வாக்கியத்தை எழுத முயன்றிருந்தால், 'என் உறவினர் அனுப்பினார்' என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குக் கிடைத்திராது. என் தெருக்காரர்களிடமும் அதே காரணம்தான் இருந்தது.

மறுநாளே எங்கள் குழுவில், நான் அனுப்பியது பொய் என்று எழுதினேன். பொய்யைப் பார்த்தவர்களில் பாதிப்பேர்கூட அந்த மறுப்பைப் பார்க்கவில்லை. அந்த இளைஞரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று பல மாலைகள் வாசலில் காத்திருந்தேன். அவர் அதன்பின் எங்கள் தெருவுக்கு வரவில்லை. வேறு ஊரில், வேறு தெருவில் அந்த மணி ஒலிக்கிறது என்று நம்புகிறேன். பேரக்குழந்தைகள் விடுமுறைக்கு வரும்போதெல்லாம், பஞ்சுமிட்டாய்க்காரர் ஏன் வருவதில்லை என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் நான் முழுக்கதையையும் அவர்களுக்குச் சொல்கிறேன்.